நகல் எடுக்கும் கட்டளையை டேட்டாபேஸே எழுதட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களைப் பாட்டு, படம், கடிதம் என்று ஓட்டிவிடுவார்கள். பிறகு ஒரு நாள் கணக்கு எழுத ஆரம்பிப்பார்கள். கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, சங்கத்து உறுப்பினர் பட்டியல் என்று ஏதாவது ஒன்று. எக்ஸெலில் தொடங்கி, அது தாங்காது என்று தெரிந்ததும் டேட்டாபேஸ் பக்கம் வருவார்கள். வந்து ஆறு மாதம் ஆனதும் இந்தக் கேள்வி எழும்: "வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், கடையில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டிலும் ஒரே புரோகிராம், ஒரே மாதிரியான டேட்டாபேஸ். இதில் உள்ளதை அதில் எப்படிச் சேர்ப்பது?"

பதில் சொல்பவர்களில் பலர், டேபிளுக்கு ஒரு கட்டளை வீதம் கையால் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். "டைனமிக் எஸ்.க்யூ.எல். என்று ஏதோ இருக்கிறதாமே?" என்று கேட்டால், "அது ஆபத்து, அனுபவசாலிகளுக்கு மட்டும்" என்று முடித்துவிடுவார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரே அமைப்புள்ள இரண்டு டேட்டாபேஸ்களுக்கு இடையே நகல் எடுக்க, கையால் எழுதிய கட்டளைகளைவிட டைனமிக் எஸ்.க்யூ.எல்.தான் பாதுகாப்பானது. புதியவர்களுக்கு இன்னும் அதிகப் பாதுகாப்பு. ஏன் என்பதை, ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

சாமை, புளி, தேன், கடுக்காய் ஆகியவற்றை மலை மக்களிடம் வாங்கி விற்கும் ஒரு சங்கம். பெயர் வேண்டாம். மலை மேல் இரண்டு கொள்முதல் நிலையங்கள், அடிவாரத்தில் ஆபீஸ். மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் உண்டு. மேலே இணையத் தொடர்பு நம்பும்படி இல்லை. ஆகவே வாரம் ஒரு முறை டேட்டாபேஸின் பேக்கப் ஃபைல் பென் டிரைவில் ஏறி, பஸ்ஸில் கீழே வரும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பேக்கப்பை வேறு பெயரில் விரித்து வைத்து, அதிலிருந்து ஆபீஸ் டேட்டாபேஸுக்குப் புதிய ரெக்கார்டுகளை நகல் எடுக்க வேண்டும். மொத்தம் 23 டேபிள்கள்.

எனக்கு முன்னால் வேலை பார்த்த புரோகிராமர் 23 கட்டளைகளைக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றும் இப்படி இருக்கும். (தமிழ் எழுத்தில் தருகிறேன். கட்டளைச் சொற்களை நீங்கள் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.)

இன்சர்ட் இன்டு ஆபீஸ்.டிபிஓ.கொள்முதல் (ரசீதுஎண், தேதி, உறுப்பினர்எண், எடை, விலை)
செலக்ட் ரசீதுஎண், தேதி, உறுப்பினர்எண், எடை, விலை ஃப்ரம் மலை.டிபிஓ.கொள்முதல்

"மலை என்ற டேட்டாபேஸில் உள்ள கொள்முதல் டேபிளிலிருந்து இந்த ஐந்து ஃபீல்டுகளை எடுத்து, ஆபீஸ் டேட்டாபேஸில் அதே பெயருள்ள டேபிளில் போடு" என்பது பொருள். சுத்தமான கட்டளை. இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது.

அதன் பிறகு சங்கம் உறுப்பினர்களுக்கு விதைக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. சாமை கொண்டுவந்து போடும்போது கடனில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகக் 'கடன்பிடித்தம்' என்று ஒரு புதிய ஃபீல்டு மூன்று டேட்டாபேஸ்களிலும் சேர்க்கப்பட்டது. எதுவும் போடாவிட்டால் பூஜ்யம் என்று டீஃபால்ட்டும் வைத்தார்கள். நகல் கட்டளையை யாரும் தொடவில்லை. அது அந்த ஐந்து ஃபீல்டுகளை மட்டும் வாராவாரம் சமர்த்தாக நகல் எடுத்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆறாவது ஃபீல்டில் ஆபீஸ் டேட்டாபேஸ் தானாகவே பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டது.

ஒரு பருவம் முழுக்க, மலையில் பிடித்த பணம் ஆபீஸ் கணக்கில் பிடிக்காத பணமாகவே நின்றது. கடனைக் கட்டி முடித்த குடும்பங்களுக்கு "பாக்கி" என்று சீட்டு போனது. சில பேர் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். சில பேரிடம் இல்லை. மழையில் நனைந்த காகிதத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் யார் வாதாட முடியும்?

கையால் எழுதிய கட்டளை பாதுகாப்பானது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்தக் கட்டளை எழுதிய நாளில் சரியாக இருந்தது. டேட்டாபேஸ் வளர்ந்தது, கட்டளை வளரவில்லை. அதைவிட மோசம், வளரவில்லை என்று அது வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

"ஃபீல்டு பெயரே எழுதாமல் நட்சத்திரக் குறி போட்டு 'செலக்ட் எல்லாம்' என்று சொல்லிவிட்டால்?" என்று கேட்பீர்கள். அது இன்னும் வம்பு. நட்சத்திரக் குறி போட்டால், கம்ப்யூட்டர் ஃபீல்டுகளைப் பெயரை வைத்து ஜோடி சேர்ப்பதில்லை, வரிசையை வைத்துத்தான் சேர்க்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் கடன்பிடித்தம் முதலிலும் மூட்டைக்கூலி அடுத்தும் சேர்க்கப்பட்டிருக்கும். இன்னொன்றில் மாற்றிச் சேர்த்திருப்பார்கள். இரண்டுமே ரூபாய்தான், எண்தான். எனவே பிழை எதுவும் வராது. கூலி கடனில் விழும், கடன் கூலியில் விழும்.

இனி டைனமிக் எஸ்.க்யூ.எல். என்றால் என்ன என்று பார்ப்போம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கல்யாணப் பத்திரிகை உறையில் "திரு/திருமதி ________ அவர்கள்" என்று கோடு போட்டு அச்சடித்திருப்பார்கள் அல்லவா? பட்டியலைப் பார்த்துக் கோட்டில் பெயரை நிரப்பிக்கொண்டே போவோம். வேர்டில் மெயில் மெர்ஜ் செய்தவர்களுக்கு இதே வேலை கம்ப்யூட்டரில் நடப்பது தெரிந்திருக்கும். டைனமிக் எஸ்.க்யூ.எல். அவ்வளவுதான். கட்டளையில் டேபிள் பெயர், ஃபீல்டு பெயர் வரும் இடங்களைக் காலியாக விட்டு ஓர் அச்சு தயார் செய்கிறோம். காலி இடங்களை நிரப்பி, முழுக் கட்டளையாக்கி, அதை ஓட்டச் சொல்கிறோம்.

நிரப்புவதற்குப் பட்டியல் எங்கே? அது ஏற்கெனவே டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. தன்னிடம் என்னென்ன டேபிள்கள், அவற்றில் என்னென்ன ஃபீல்டுகள், எது என்ன வகை என்று ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். எஸ்.க்யூ.எல். சர்வரில் சிஸ்.டேபிள்ஸ், சிஸ்.காலம்ஸ் என்ற பெயர்களில் இதைப் பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்று தேடுங்கள். எஸ்க்யூலைட்டிலும் இதற்கென்று ஒரு டேபிள் உண்டு. புதிய ஃபீல்டு சேர்த்தவுடன் இந்தக் குறிப்பேட்டிலும் அது ஏறிவிடும். எனவே அதைப் பார்த்து நிரப்பும் கட்டளையில் கடன்பிடித்தம் தானாக வந்து சேரும். யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டைனமிக் முறை தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்.க்யூ.எல். மொழியில் தேதி, எண், பெயர் போன்ற மதிப்புகளை மாறியில் வைத்துக் கொடுக்கலாம். டேபிள் பெயரையோ டேட்டாபேஸ் பெயரையோ அப்படிக் கொடுக்க முடியாது. "இந்த வாரம் மலை ஒன்று, அடுத்து மலை இரண்டு" என்று டேட்டாபேஸ் பெயரை மாற்ற வேண்டுமானால், கட்டளையின் எழுத்தையே மாற்றி அமைக்க வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்வதற்குப் பதில் கம்ப்யூட்டர் செய்கிறது.

வேலை நடக்கும் வரிசை இது. குறிப்பேட்டிலிருந்து ஒரு டேபிள் பெயரை எடுக்கிறோம். அதன் ஃபீல்டு பெயர்களைக் காற்புள்ளி போட்டுக் கோர்க்கிறோம். எஸ்.க்யூ.எல். சர்வர் 2017 முதல் இதற்கு ஸ்ட்ரிங் அக் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் கோட்நேம் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுங்கள். பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்துத் தரும். பெயரில் இடைவெளி இருந்தாலும் கட்டளை உடையாது. கோர்த்த பட்டியலை இன்சர்ட் பக்கமும் செலக்ட் பக்கமும் ஒரே வரிசையில் வைக்கிறோம். கூலி கடனில் விழும் வம்பு அதோடு தீர்ந்தது. கடைசியில் எஸ்.பி. எக்ஸிக்யூட் எஸ்.க்யூ.எல். என்ற புரொசீஜரிடம் முழு வாக்கியத்தையும் கொடுத்தால் அது ஓட்டிவிடும்.

எல்லா ஃபீல்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. எடையை விலையால் பெருக்கித் தானே கணக்கிடும் 'தொகை' போன்ற ஃபீல்டுகளில் நாம் எதுவும் எழுத முடியாது. குறிப்பேட்டிலேயே 'கம்ப்யூட்டட்' என்று அடையாளம் இருக்கும், அதை விலக்கிவிடலாம். ரோவெர்ஷன் வகை ஃபீல்டும் அப்படித்தான். தானாக 1, 2, 3 என்று எண் ஏறும் ஐடென்டிடி ஃபீல்டில் பழைய எண்ணையே போட வேண்டுமானால், ஐடென்டிடி இன்சர்ட்டை ஆன் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டேபிளுக்கு மட்டுமே அது ஆனில் இருக்க முடியும். அந்த டேபிள் முடிந்ததும் ஆஃப் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இப்போது ஒரு சண்டை. "இரண்டு டேட்டாபேஸிலும் பொதுவாக உள்ள ஃபீல்டுகளை மட்டும் எடுத்துக்கொள்" என்று பல புத்தகங்களில் யோசனை சொல்கிறார்கள். கட்டளை எங்கேயும் நிற்காமல் ஓடும் என்பது காரணம். நிற்காமல் ஓடுவதுதானே இங்கே வியாதியாக இருந்தது! மலையில் இருக்கும் ஃபீல்டு ஆபீஸில் இல்லை என்றால், அமைப்பு ஒன்று என்று நாம் நம்பியது பொய்யாகிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் வேலை நிற்க வேண்டும். "இந்த டேபிளில் இந்த ஃபீல்டு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது" என்று திரையில் வர வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததில், நகல் எடுப்பதற்கு முன்னால் இரண்டு குறிப்பேடுகளையும் ஒப்பிடும் பகுதிதான் நகல் எடுக்கும் பகுதியைவிட நீளம். நேரம் கூட ஆகிறது என்று ஆபீஸில் ஒருவர் குறைப்பட்டார். ஆகட்டும்.

ஆபத்து என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கட்டளையின் எழுத்தைக் கம்ப்யூட்டர் கோர்க்கிறது என்றால், அந்தக் கோர்வைக்குள் யாராவது வேண்டாததை நுழைக்கலாம். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திரையில் ஒரு பெட்டி வைத்து, "டேபிள் பெயரை டைப் செய்யவும்" என்று கேட்டு, வந்ததை அப்படியே கட்டளையில் ஒட்டினால் வாசலைத் திறந்து வைத்த மாதிரி. எங்கள் முறையில் பெயர்கள் குறிப்பேட்டிலிருந்து மட்டுமே வருகின்றன, அதுவும் கோட்நேம் வழியாக. யாரும் எதையும் டைப் செய்வதில்லை.

அதோடு, ஓட்டுவதற்கு முன் கட்டளையைப் படியுங்கள். முதல் முறை எக்ஸிக்யூட் வரியை எடுத்துவிட்டு, கோர்த்த வாக்கியங்களைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வரின் பிரின்ட் கட்டளை யூனிகோடு எழுத்துகளில் 4000-க்கு மேல் காட்டாது, வெட்டிவிடும். கட்டளையே அரைகுறை என்று பயந்துவிடாதீர்கள், காட்டுவதுதான் அரைகுறை. மைஎஸ்க்யூஎல்லில் கதை வேறு. அங்கே பெயர்களைக் கோர்க்கும் குரூப் கான்கேட் ஃபங்ஷன், மாற்றாமல் விட்டால் 1024 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். அங்கே கோர்வையே அரைகுறையாகிவிடும். அந்த அளவை முதலில் கூட்டிக்கொள்ளுங்கள்.

டேபிள் வரிசையும் முக்கியம். உறுப்பினர் இல்லாமல் கொள்முதல் ரெக்கார்டு போக முடியாது. எனவே உறுப்பினர் டேபிள் முதலில். அகர வரிசையில் ஓட்டினால் இது நடக்காது. டேபிள் பெயருக்கு எதிரே வரிசை எண் எழுதிய சின்ன டேபிள் ஒன்று வைத்துக்கொண்டால் போதும். சிலர் ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மின்வெட்டு வந்தால்? 23 டேபிள்களையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் வையுங்கள். பதினாலாவது டேபிளில் கரன்ட் போனால், மறுபடி ஆன் செய்யும்போது டேட்டாபேஸ் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். எக்ஸ்ஆக்ட் அபார்ட் என்ற செட்டிங்கையும் ஆன் செய்துவிட்டால், நடுவில் பிழை வந்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். பாதிக் கணக்கு ஏறிய டேட்டாபேஸைவிட ஒன்றுமே ஏறாத டேட்டாபேஸ் மேல்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. ஒரே அமைப்புள்ள டேட்டாபேஸ்களில் உண்மையான தலைவலி எண்களில் இருக்கிறது.

மலையின் இரண்டு நிலையங்களிலும் உறுப்பினர் எண் 1-லிருந்து தொடங்குகிறது. ஆகவே 112 இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. இரண்டும் வேறு வேறு ஆட்கள். முதல் நிலையத்தின் 112 ஆபீஸ் டேட்டாபேஸில் ஏறிவிட்டார். அடுத்து இரண்டாவது நிலையத்தின் பென் டிரைவ் வருகிறது. "ஏற்கெனவே உள்ள எண்ணை விட்டுவிடு, புதியதை மட்டும் சேர்" என்பது கட்டளை. 112 ஏற்கெனவே இருக்கிறார் என்று அந்த அம்மாவை விட்டுவிடும். பிறகு அவர் போட்ட புளிக்கான கொள்முதல் ரெக்கார்டுகள் வரும். அவை 112-ஐத் தேடிப் போய் முதல் நிலையத்து ஆளின் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். டைனமிக் ஆனாலும் கையெழுத்து ஆனாலும் இதைத் தடுக்காது. கட்டளை சரியாகவே இருக்கும், பணம் அடுத்தவர் வீட்டுக்குப் போகும்.

பெயரை வைத்துப் பிரிக்கலாமே என்று நினைக்காதீர்கள். மலை ஊர்களில் ஒரே பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். அதோடு தமிழ் எழுத்தில் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. யூனிகோடில் 'கோ' என்பதை ஓகாரக் குறி ஒன்றைப் போட்டும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும், உள்ளே பைட்டுகள் வேறு. பெயர் ஒன்றா என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் பதில் நம்பும்படி இருக்காது.

இந்த எண் தகராறு புதிதல்ல. நம் ஊர் வருவாய்த் துறைக்கு எப்போதோ தெரியும். பட்டா எண்ணும் புல எண்ணும் கிராமத்துக்குள் மட்டும்தான் தனித்தன்மை உடையவை. 45-ஆம் புல எண் எத்தனை கிராமத்தில் இருக்கிறதோ! அதனால்தான் இணையத்தில் பட்டா பார்க்கப் போனால், எண்ணைக் கேட்பதற்கு முன் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நில ஆவணங்களுக்காக என்.ஐ.சி. உருவாக்கிய 'தமிழ் நிலம்' மென்பொருள் முதலில் தாலுகா அலுவலகங்களில் தனித்தனியாக இயங்கி, பின்னர் இணைய வழிக்கு வந்தது. அப்படி ஒன்று சேரும்போது எண்ணுக்கு முன்னால் ஊர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டி எண்ணும் அப்படித்தான். திருவண்ணாமலையின் 25, வேலூரின் 23 என்ற முன்னொட்டு இல்லாமல் வெறும் நாலு இலக்கம் எதற்கும் உதவாது.

எனவே எங்கள் டேட்டாபேஸில் எல்லா டேபிளிலும் 'நிலையம்' என்ற ஃபீல்டைச் சேர்த்தோம். நிலையமும் எண்ணும் சேர்ந்ததுதான் சாவி. முதல் நிலையத்தின் 112 வேறு, இரண்டாம் நிலையத்தின் 112 வேறு. புதிதாக எண் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மறுத்துவிட்டேன். உறுப்பினர் கையில் இருக்கும் ரசீதில் பழைய எண்தான் அச்சாகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினால் அந்தக் காகிதம் செல்லாத காகிதமாகிவிடும். 36 எழுத்து நீளமுள்ள ஜி.யு.ஐ.டி. எண்களைப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு நண்பர் சொன்னார். தொழில்நுட்பப்படி சரிதான். ஆனால் சிக்னல் விட்டு விட்டு வரும் போனில் அதை ஒருவர் படித்துச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நிலையத்துக்குக் குறியீடு கொடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாவட்டப் பெயரின் முதல் எழுத்துகளைப் போடலாமா? கூடாது. ஜவ்வாது மலை இதற்கு நல்ல உதாரணம். இந்த மலையில் உள்ள காவலூரில் 1960-களின் கடைசியில் வைனு பாப்புவின் முயற்சியால் வானியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. அப்போது ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் அந்த மாவட்டம் இரண்டானபோது, மலையின் ஒரு பகுதி திருவண்ணாமலைப் பக்கம் போனது, காவலூர் வேலூர்ப் பக்கம் வந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. இப்போது காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். பீஞ்சமந்தை வேலூர் மாவட்டம். ஒரே மலை, மூன்று மாவட்டம். தொலைநோக்கி வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. குறியீட்டில் மாவட்டத்தைப் போட்டிருந்தால் எத்தனை முறை மாற்றியிருக்க வேண்டும்?

வானியல்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கே பாடம் கிடைக்கும். குறுங்கோள்களைக் கவனித்து எழுதும் ஆய்வுக்கூடங்களுக்கு, உலகம் முழுக்க மூன்று எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. காவலூருக்கும் உண்டு. அதில் மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இப்படிக் கண்டுபிடிக்கப்படும் பொருளுக்கு முதலில் கிடைப்பது தற்காலிகப் பெயர். ஆண்டு, அதை அடுத்து எந்த அரை மாதம் என்று காட்டும் எழுத்து, பிறகு வரிசை. பாதை உறுதியான பிறகுதான் மைனர் பிளானட் சென்டர் என்ற ஒரே இடத்திலிருந்து நிரந்தர எண் வரும். அந்தக் குறுங்கோளுக்கு 4130 என்ற எண் கிடைத்தது. ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். எண் வந்துவிட்டது என்று பழைய தற்காலிகப் பெயரை அழித்துவிடுவதில்லை. பழைய குறிப்பில் அந்தப் பெயரைப் பார்ப்பவர் 4130-க்கு வந்து சேர முடியும். ரசீது விஷயத்தில் நான் பிடிவாதம் பிடித்ததற்கும் இதுதான் காரணம்.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எஸ்.க்யூ.எல். சர்வரில் டைனமிக் கட்டளையைக் கோர்க்கும் மாறியை என்வார்கேர் வகையில் அறிவியுங்கள், வார்கேர் வேண்டாம். கட்டளைக்குள் தமிழ்ச் சொல்லை மேற்கோளுக்குள் எழுதினால் அதற்கு முன் ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்' போட வேண்டும். விட்டால் ஊர்ப் பெயர் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடும். கேள்விக்குறியாக மாறியதைத் திரும்பத் தமிழாக்க வழியே இல்லை. டேபிளிலிருந்து டேபிளுக்கு நேராகப் போகும் பெயர்களுக்கு, இரண்டு பக்கமும் ஃபீல்டு என்வார்கேராக இருந்தால், இந்தப் பயம் இல்லை. பழைய டாம், டாப், பாமினி எழுத்துருக்களில் அடித்த டேட்டாவாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், நகல் பிறகு.

எல்லோருக்கும் இவ்வளவு தேவையா என்றால், இல்லை. புதிய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு முறை முழு டேட்டாபேஸையும் மாற்ற வேண்டுமானால் பேக்கப் எடுத்து அங்கே ரெஸ்டோர் செய்யுங்கள், முடிந்தது. (புதிய வெர்ஷனில் எடுத்த பேக்கப்பைப் பழைய வெர்ஷன் ஏற்காது.) மூன்றே டேபிள் என்றால் கையால் எழுதலாம், ஆனால் ஃபீல்டு பெயர்களை முழுதாக எழுதுங்கள். இரண்டு இடத்துக்கும் நல்ல இணையத் தொடர்பு இருந்தால் ஒரே டேட்டாபேஸை இருவரும் பயன்படுத்துவதுதான் உத்தமம். ரெப்ளிகேஷன் என்ற வசதியும் இருக்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பால் அதில் பெற்றுக்கொள்ளத்தான் முடியும், அனுப்ப முடியாது.

பத்து இருபது டேபிள், அடிக்கடி நகல், அமைப்பு அவ்வப்போது மாறும் என்றால் டைனமிக் எஸ்.க்யூ.எல். பக்கம் தைரியமாக வாருங்கள்.

நகல் முடிந்ததும் சரிபார்க்க ரெக்கார்டுகளை எண்ணினால் போதும் என்கிறார்கள். கடன்பிடித்தம் விட்டுப்போன அந்தப் பருவம் முழுக்க ரெக்கார்டு எண்ணிக்கை இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது! எக்செப்ட் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். மலையில் இருந்து, அச்சு அசலாக ஆபீஸில் இல்லாத ரெக்கார்டுகளை அது பட்டியல் போடும். ஒரு ஃபீல்டு வித்தியாசப்பட்டாலும் அந்த ரெக்கார்டு வந்து நிற்கும். இந்த எக்செப்ட் கட்டளையையும் அதே குறிப்பேட்டை வைத்து டைனமிக்காகவே கோர்த்துக்கொள்ளலாம். பட்டியல் காலியாக இருந்தால்தான் டிரான்ஸாக்ஷனை கமிட் செய்கிறோம்.

இவற்றோடு எண் வகை ஃபீல்டுகளுக்கு மொத்தக் கூட்டலும் எடுக்கிறோம். மொத்த எடை, மொத்தத் தொகை, மொத்தக் கடன்பிடித்தம், மொத்தக் கூலி. அதை ஒரு தாளில் அச்சிட்டு, காலியான பென் டிரைவோடு சேர்த்து மேலே அனுப்புகிறார்கள். நிலையத்தில் இருப்பவர் தன் கையெழுத்து நோட்டில் போட்ட கூட்டலோடு அதை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வாரம் பேக்கப்போடு அந்தத் தாளும் பஸ்ஸில் கீழே வரும். தாள் வராத வாரம் ஆபீஸில் நகல் எடுப்பதில்லை.